பதினான்காம் பெட்டியில் கோடை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பதினான்காம் பெட்டியில் இருந்த பதினேழு கதிர்நாவாய்ப் பூச்சிகளின் லேபிளில், பிடித்த இடம் 'கோடை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பிடித்த பயிர்: நெல்.

2. அதை நம்பி எங்கள் பிரிவுத் தலைவர் பரவல் வரைபடத்தில் கொடைக்கானல் மேல் ஒரு கரும்புள்ளி வைத்தார்.

3. வரைபடம் அச்சுக்குப் போன பிறகு தெற்கிலிருந்து ஒரு பேராசிரியர் கடிதம் எழுதினார். ஏழாயிரம் அடி உயரத்தில் யார் நெல் போட்டார்கள் என்று கேட்டிருந்தார்.

4. அந்தப் பூச்சிகளைப் பிடித்தவர் செல்லையா. அந்த மாதத்து டூர் டைரியில் அவர் கொடைக்கானல் போனதாக இல்லை. அம்பாசமுத்திரம் என்று இருந்தது.

5. அதே வருடம் அவர் கொடுத்த லீவு விண்ணப்பத்தில் 'கோடை' இருந்தது.

6. சந்தேகமான லேபிள்களின் பட்டியல் ஒன்றை நான் தயாரித்தேன். செல்லையாவின் பெயருக்கு எதிரே கேள்விக்குறி போட்டேன்.

7. செல்லையாவுக்கு மெமோ போனது.

ஆறாவதற்கும் ஏழாவதற்கும் இடையில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பூச்சியும் புள்ளியும்

எழுபதுகளின் கடைசியில் லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பூச்சியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வத்தலகுண்டிலிருந்து நேராக டில்லி. எங்கள் பிரிவில் நாலே பேர். தலைவர் டாக்டர் மாத்தூர். ஊர் ஊராகப் போய்ப் பூச்சி பிடித்து, பொட்டலத்துக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டுக் கொண்டுவரும் செல்லையா. லேபிள் எழுதும் உஷா. அப்புறம் நான்.

எங்கள் பொறுப்பு கதிர்நாவாய்ப் பூச்சி. நெற்கதிரில் பால் பிடிக்கும் நேரம் பார்த்து வந்து உறிஞ்சும். ஒல்லி உடம்பு, நீளக் கால், அதைவிட நீளமாக மீசை. கையில் நசுங்கினால் சாப்பாட்டு நேரம் வரை நாற்றம் போகாது. முன்பு இதைக் கோரிடே என்ற பெரிய குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிறகு பிரித்து அலிடிடே என்று தனிக் குடும்பம் ஆக்கினார்கள். பழைய புத்தகங்களில் ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் இருக்கும், இரண்டு பூச்சிக்கு ஒரே பெயர் இருக்கும். வயிற்றின் அடியில் ஓரமாகப் பழுப்புப் புள்ளிகள் உண்டா என்று பார்ப்போம். அதுவும் போதாவிட்டால் ஆண் பூச்சியின் பின்முனையைப் பொட்டாஷ் கரைசலில் போட்டு இளக்கி, இணையும்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அதற்குக் கிளாஸ்பர் என்று பெயர். இனம் எது என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

ஊர் எது என்பதை எதுவும் காட்டிக் கொடுக்காது. பூச்சியின் உடம்பில் ஊர்ப் பெயர் கிடையாது. அது லேபிளில்தான் இருக்கிறது. லேபிளைப் பார்த்து வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் பரவல். மற்ற நாட்டுக்காரர்கள் அந்தப் புள்ளிகளை வைத்து மேலே எழுதுவார்கள்.

பதினான்காம் பெட்டிப் பூச்சிகள் மற்றவற்றைவிட வெளிறி இருந்தன. மலை உயரத்தில் தனியாக உருவான கிளையினம் என்று டாக்டர் மாத்தூர் தீர்மானித்து, ஒரு கருத்தரங்கில் பேசியும் வந்துவிட்டார். நான் கிளாஸ்பர் பார்த்தேன். சமவெளிப் பூச்சிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொன்னேன். "அச்சா, அச்சா, மறுபடி பார்" என்றார். மறுபடி பார்ப்பதற்குள் பேராசிரியரின் கடிதம் வந்துவிட்டது.

கேள்விக்குறி

டாக்டர் மாத்தூர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் பெரும்பாலும் தமிழில் தருகிறேன்.

"சுசீலா, அது உன் ஊர்ப் பக்கம்தானே? கோடையில் நெல் உண்டா?"

"ஊருக்குள்ள கிடையாது சார். பிளம்ஸ், பேரிக்காய், உருளைக்கிழங்கு, பூண்டு. நெல் எல்லாம் கீழே எங்க ஊர்லதான்."

"தோ ஜூட் கோன் போல் ரஹா ஹை?"

பொய் சொல்வது யார் என்று கேட்கிறார். எனக்கும் அதே கேள்வி இருந்தது. வத்தலகுண்டு வழியாகத்தான் மலைக்குப் பஸ் போகும். போர்டிலேயே 'கோடை' என்றுதான் எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் யாரும் தேடுவதில்லை.

செல்லையாவின் டூர் டைரியை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் டூர் முழுவதும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தது. வயலில் நின்று எழுதுகிறவனுக்கு ஒரு நாள் மை தீரும், ஒரு நாள் கை ஈரமாகும். இது ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. யாராவது பக்கத்தில் வந்தால் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்.

லீவு ஃபைலைக் கொண்டுவரச் சொன்னது டாக்டர் மாத்தூர். அதில் செல்லையாவின் விண்ணப்பம் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது: சொந்த ஊரில் 'கோடை'க்காக ஐந்து நாள் லீவு வேண்டும். கே-ஓ-டி-ஏ-ஐ. புரட்டினால் வருடா வருடம் அதே விண்ணப்பம்.

"தேக்கோ, பார்! வருஷா வருஷம் கோடைக்குப் போகிறான். லீவில் போய் மலையில் சுற்றிவிட்டு, அங்கே கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டு வந்து டூர் என்று கணக்குக் காட்டியிருக்கிறான்."

சொந்த ஊர் என்று எழுதியிருக்கிறதே, அவர் ஊர் திருநெல்வேலிச் சீமை ஆயிற்றே என்று ஒரு கணம் நினைத்தேன். மச்சான் வீடு மலையில் இருக்கலாம் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஒருவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தபின் இந்த மாதிரி இடைவெளிகளை நாமே அடைத்துவிடுகிறோம்.

பட்டியல் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பெயருக்கு எதிரே கேள்விக்குறி போட்டால் 'உறுதி செய்யப்பட வேண்டும்' என்று அர்த்தம். தினமும் இருபது இடத்தில் போடுவோம். அதே தாள் நிர்வாகப் பிரிவுக்குப் போனபோது அதற்கு வேறு அர்த்தம் வந்தது. டீ குடித்துவிட்டு வந்தபோது மெமோ டைப் ஆகிக்கொண்டிருந்தது: அம்பாசமுத்திரத்தில் டூர் என்று காட்டிவிட்டுக் கொடைக்கானலில் பூச்சி பிடித்தது எப்படி, ஏழு நாளில் விளக்கம் தரவும்.

செல்லையாவுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. பதினைந்து வருடமாகக் காத்திருந்தது. மெமோ நிலுவையில் இருந்தால் பெயர் பட்டியலில் வராது.

அவருடைய பதில் ஒரே வரி: 'நான் என் வாழ்நாளில் கொடைக்கானல் போனதில்லை.'

டாக்டர் மாத்தூர் லீவு விண்ணப்பங்களை அந்தப் பதிலின் மேல் வைத்துப் பின் அடித்தார். செல்லையா பிடித்த பூச்சிகள் அனைத்தையும் முக்கியத் தொகுப்பிலிருந்து எடுத்துத் தனி அலமாரியில் வைக்கும்படி எனக்கு உத்தரவு. அலமாரியில் ஒட்ட வேண்டிய சீட்டையும் அவரே எழுதினார்: 'சந்தேகத்துக்குரியவை'.

மொத்தம் பதினோரு பெட்டி.

வெயிலில் உஷா

அது ஜனவரி. மதிய நேரத்தில் எல்லா அலுவலகமும் புல்வெளிக்கு வந்துவிடும். நிலக்கடலை, ஆரஞ்சு, பெண்கள் மடியில் கம்பளி நூல். உஷா டில்லி கோல் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. லேபிள் அவள் கையெழுத்து என்பதால் என் சந்தேகம் அவள் மேலும் கொஞ்சம் போயிருந்தது. அவசரத்தில் ஊர்ப் பெயரை மாற்றி எழுதியிருப்பாளோ?

"உஷா, பதினாலாம் பெட்டிக்கு லேபிள் எழுதினது ஞாபகம் இருக்கா?"

"அரே, என்னை ஏன் போலீஸ் மாதிரி பார்க்கறே? ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதை எழுதறேன், அவ்வளவுதான். லங்கான்னு இருந்தா லங்கான்னு எழுதுவேன்."

"ரெஜிஸ்டர் எங்கே?"

"பழசெல்லாம் மாத்தூர் சாப் அல்மாரியில. நீ போய்க் கேளு, நான் கேட்க மாட்டேன். மூட் சரியில்லை." ஊசியை நிறுத்தாமல் இரண்டு வரிசை பின்னினாள். "ஒண்ணு சொல்லட்டா? செல்லையா அங்கிள் ஊர்லேர்ந்து வந்ததும் எனக்கு விபூதி தருவார். கோடைக்குப் போனவர் சாக்லேட்தானே கொண்டுவரணும்? இவர் ஏன் பிரசாத் கொண்டுவரார்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று சொல்

அன்று மூன்று மணிக்கு நான் ஏழாவது பெட்டியை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் செல்லையா நின்றார். ஐம்பது வயதை நெருங்குகிறவர். என்னோடு அதிகம் பேசியதில்லை. நான் 'சார்' என்பேன், அவர் 'மேடம்' என்பார். அதில் மரியாதையைவிடக் கிண்டல் அதிகம்.

"என்ன மேடம், எம் பேரு போட்ட பெட்டியெல்லாம் ஊர்வலம் போவுது?"

"மாத்தூர் சார் ஆர்டர்."

"ஆர்டரு அவுகளுது. கேள்விக்குறி யாருது? லிஸ்ட்ட பாத்தேன். நல்ல அழகான கையெழுத்து."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "நீங்க கோடைக்குப் போனதே இல்லையா சார்?"

"போனதே இல்ல."

"லீவு லெட்டர்ல வருஷா வருஷம் எழுதியிருக்கீங்களே?"

"என்னத்த எழுதியிருக்கேன்?"

"கோடைன்னு. நானே பார்த்தேன்."

அவர் சிரித்த சத்தத்தில் உஷா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது கொடை மேடம், கொடை! சுடலைமாடனுக்குக் கொடை. வில்லுப்பாட்டு, கெடா வெட்டு, சாமியாட்டம். வருசத்துக்கு ஒருக்க கொடைக்கு ஊருக்குப் போவலன்னா எங்க ஆளுக என்னைய மனுசனாவே மதிக்க மாட்டாவ. அதை இங்கிலீசுல வேற எப்படி எழுதணும்ங்கிய?"

கோயில் திருவிழாவுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் அந்தச் சொல் இல்லை. "இதை மெமோவுக்குப் பதில்ல எழுதியிருக்கலாமே சார்?"

"கொடைக்கானல் போனியான்னு கேட்டாவ. போவலன்னு எழுதுனேன். கேட்ட கேள்விக்குத்தான பதிலு?"

"சரி, லீவு போகட்டும். பூச்சிச் சீட்டுல கோடைன்னு எழுதினது?"

"எழுதுனேன்" என்றார்.

"எழுதினீங்களா?"

"ஆமா. கோடைப் பயிரு. பிசானம் அறுத்த பெறவு, ஆத்துல தண்ணி கெடந்தா போடுத கோடை நெல்லு. அதுல பிடிச்ச பூச்சிக்கு கோடைன்னு எழுதாம ஐப்பசின்னா எழுதுவாவ?"

"அப்ப ஊர் பேரு?"

"டப்பா மூடியில ஒட்டியிருந்தேன். அம்பைன்னு, அம்பாசமுத்திரந்தான். உள்ள இருக்க ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஊரு எதுக்கு? மூடியப் பாத்தா தெரியாதா?"

கேட்க நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. பத்து நாள் யோசிக்க நேரம் கிடைத்தால் யாரும் இப்படி ஒன்றைக் கட்டிவிடலாம். "எழுத்துல ஏதாவது இருக்கா சார்? அந்த நீல நோட்டு?"

முகம் மாறிவிட்டது. "அத காட்டுனா ரெண்டாவது மெமோ வரும்."

"ஏன்?"

"கள நோட்டு இங்கிலீசுலயோ இந்தியிலயோதான் இருக்கணும்னு ஆர்டர். நான் பத்தாங்கிளாஸ். வயல்ல நின்னுக்கிட்டு எனக்கு இங்கிலீசு வராது. தமிழ்ல எழுதிக்கிட்டு வந்து, லெட்சுமிபாய் நகர் குவாட்டர்ஸ்ல உக்காந்து, எம் மவள ஸ்பெல்லிங் கேட்டு டைரிய எழுதுவேன்."

ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு.

அவர் போய் நோட்டை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். பென்சில் எழுத்து. கார், பிசானம், கோடை என்று ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பக்கம். அந்த மாதத்துக்குப் போனேன். 'அம்பை. கோடை. நெல், பால் பருவம். தோல் உரிச்சு ரெண்டு நாள்கூட ஆகாத பூச்சி, நிறம் ஏறலை.' டாக்டர் மாத்தூரின் மலைக் கிளையினம் ஏன் வெளிறியிருந்தது என்பதும் அங்கேயே இருந்தது.

அப்போதும் நான் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சமீபத்தில் எழுதியதா என்று. ஓரத்தில் காய்ந்த சேற்றுக் கைரேகை. நடுத் தையலில் ஒரு நாவாய்ப் பூச்சி சப்பையாக ஒட்டிக் கிடந்தது. மீசை ஒன்று பக்கத்து வரியின் மேல் நீண்டிருந்தது. அதன் அடியிலும் பென்சில் எழுத்து இருந்தது.

"பாத்தாச்சா? மோந்தும் பாத்துக்கிடுங்க" என்றார் செல்லையா.

இரண்டு பேர் பட்டியல்

சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம் ஒரு பட்டியல் போட்டேன். சீட்டு தமிழில் இருந்திருக்கிறது. அதைப் படித்து யாரோ ரெஜிஸ்டரில் ஆங்கிலத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள்:

1. செல்லையா
2.

பஸ் இரண்டு நிறுத்தம் போகும் வரை இரண்டாவது பெயரை எழுதவில்லை.

மறுநாள் காலை பியூனிடம் சாவி வாங்கி டாக்டர் மாத்தூரின் அலமாரியைத் திறந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்து ரெஜிஸ்டர். 'இடம்' என்ற பத்தியில் கே-ஓ-டி-ஏ-ஐ, பதினேழு முறை. முதல் வரியில் முழுதாக எழுதி, கீழே பதினாறு வரிக்கும் 'டிட்டோ' போட்டிருந்தது. கடைசிப் பத்தியில் சுருக்கொப்பம் என்னுடையது.

அப்போது நினைவு வந்தது. சேர்ந்த முதல் வாரம். டாக்டர் மாத்தூர் ஒரு டிரேயில் பொட்டலங்களைக் கொட்டி, "இது உங்கள் பாஷை, நீயே ஏற்று" என்றார். டப்பா என் மேசைக்கு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஊரை விட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவளுக்குச் சீட்டில் 'கோடை' என்று படித்தபோது எங்கள் ஊர் பஸ் போர்டுதான் கண்ணில் வந்திருக்க வேண்டும். அடுத்த பத்தியில் 'நெல்' என்றும் நானே எழுதியிருக்கிறேன். மலையில் நெல் இல்லை என்று தெரிந்தவள், இரண்டையும் அருகருகே எழுதிவிட்டு, ஒன்றரை வருடம் கழித்து இன்னொருவருக்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

குறிப்பு ஒன்று எழுதி ஃபைலில் வைத்தேன். ஐந்து வரி. சீட்டில் இருந்தது பருவம், இடம் அல்ல. இடம் அம்பாசமுத்திரம். தவறு பதிவில் நேர்ந்தது. பதிவு செய்தவள் நான். லீவு விண்ணப்பத்தில் உள்ளது கோயில் திருவிழா. நீல நோட்டைப் பற்றி எழுதவில்லை. அப்படிச் செல்லையா கேட்டுக்கொள்ளவில்லை, இருந்தாலும் நான் எழுதவில்லை.

டாக்டர் மாத்தூர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வரைபடம் அச்சாகிவிட்டது. ஒன்று செய், 'கோடை மலை அடிவாரம்' என்று மாற்றி எழுது. அடிவாரத்தில் நெல் உண்டுதானே? எல்லாருக்கும் நல்லது. உனக்கும். உன் புரொபேஷன் ஃபைல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது."

"அடிவாரத்துல யாரும் பிடிக்கலை சார்."

"ஒரு புள்ளி, சுசீலா."

"ஆமாம் சார். அம்பாசமுத்திரத்துல இருக்க வேண்டிய புள்ளி."

குறிப்பைத் திருப்பித் தந்தார். நான் அதைத் தபால் பதிவேட்டில் ஏற்றி எண் வாங்கி, நகல் ஒன்றை நிர்வாகப் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போதைய நிலை

மெமோ திரும்பப் பெறப்பட்டது. அதற்கான கடிதம் நேர்முகம் முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. செல்லையா அந்த வருடப் பட்டியலில் இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்தார். என் புரொபேஷன் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டு, பிறகு உறுதியானது. காரணம் என்ன என்று எழுத்தில் எதுவும் இல்லை.

நான் செல்லையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி மேடம்" என்றார். அதற்குப் பிறகும் மேடம்தான். தெற்கே ஒரு நிலையத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். பூச்சி அனுப்புகிறார். ஒவ்வொரு பொட்டலத்திலும், மூடியிலும், டப்பாவின் அடியிலும்கூட ஊர்ப் பெயர் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். என் பெயருக்கு ஒரு வரிகூட வருவதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: லேபிளில் சந்தேகம் வந்தால் பூச்சி பிடித்தவரிடம் போவதற்கு முன் ரெஜிஸ்டருக்குப் போங்கள். அதில் கடைசிப் பத்தியை முதலில் பாருங்கள். நான் அதைச் செய்யப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன்.

பதினோரு பெட்டிகளும் முக்கியத் தொகுப்புக்குத் திரும்பிவிட்டன. அச்சான வரைபடத்தில் புள்ளி அப்படியே இருக்கிறது. திருத்தம் அனுப்பினேன், பதில் இல்லை. சென்ற வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பட்டியலில் இந்த இனத்தின் பரவலில் கொடைக்கானலையும் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய லேபிளைக் கழற்றி எறிவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. திருத்தத்தை அதன் கீழே இன்னொரு சீட்டாகச் சேர்ப்போம். பதினான்காம் பெட்டியில் பதினேழு பூச்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊசியிலும் இரண்டு லேபிள். மேலே இருப்பது உஷா எழுதியது: கோடை. கீழே இருப்பது நான் எழுதியது: அம்பாசமுத்திரம், கோடைப் பயிர், பிடித்தவர் செல்லையா. கேள்விக்குறி இல்லை.